வெளியூர்க் கூலி

கூலியாள் வேலையும் ஊரும் மாறினால் அவன் வருமானம் ஏறுமா, இறங்குமா என்று கண்டறியக் கனம் பொருந்திய துரைத்தனத்தார் 1911-ஆம் வருஷம் திருவுளம் கொண்டார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் அதற்கென ஒரு ஸ்பெஷல் ஆபீஸ் ஏற்பட்டது. அதிகாரி தேவசிகாமணி பி.ஏ. தேறியவர். வயலை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாரும் நேரில் ஆஜராக வேண்டுமென்று முதலில் நோட்டீஸ் ஒட்டினார். ஒருவரும் வரவில்லை. போனவர்களுக்குக் குறை ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டார்.

பிறகு உள்ளூர் அறுப்புக் கூலியாள் ஐயம்பெருமாளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"எங்களுக்கு நாலணா, ஐயா. வெளியூர்க்காரனுக்கு அஞ்சணா. அறுப்புக்கு ஆள் பத்தாமத்தான அவனைக் கூப்பிடுதாங்க."

அதிகாரி கடைசி வாக்கியத்தை எழுதவில்லை. எல்லாரையும் வெளியூர்க்காரராக்கிவிட்டால் எல்லாருக்கும் ஐந்தணா. மறுநாளே உத்தரவு பிறந்தது: ஸ்ரீவைகுண்டத்து ஆட்கள் ஆழ்வார்திருநகரியில் அறுக்க வேண்டியது, ஆழ்வார்திருநகரி ஆட்கள் ஸ்ரீவைகுண்டத்தில்.

ஐயம்பெருமாளுக்குச் சந்தோஷம் தாளவில்லை. வீட்டுக் கூரை ஒழுகியது. கூடுதல் அணாவில் ஓலை வாங்கிவிடலாமென்று மனைவி சந்தனமாரியிடம் சொன்னான். விடியுமுன் இருவரும் கிளம்பினார்கள். அணைக்கட்டுப் பாலத்தில் இரண்டூர்க் கூட்டமும் எதிரெதிரே முட்டிக்கொண்டன. மாமன் மச்சான்கள் சுகம் விசாரித்தார்கள். ஒரு கல்யாணம் அங்கேயே பேசி முடிந்தது. வயலுக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது.

இரண்டூர்ப் பண்ணையார்களும் ஒரே மாதிரி யோசித்தார்கள். எல்லாரும் வெளியூர் என்றால் அதில் யாருக்கு என்ன விசேஷம்? கூலி நாலணாவே. தாமதத்துக்கு அரையணா பிடித்தம்.

ஐயம்பெருமாள் ஆபீஸுக்குப் போய் மூன்றரை அணாவைக் கையை விரித்துக் காட்டினான். தேவசிகாமணி ஆழ்ந்து யோசித்தார். இவர்கள் போதுமான தூரம் போகவில்லை என்பது அவருக்குப் புலப்பட்டது. அடுத்த வாரம் எல்லாரும் திருச்செந்தூருக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே அறுக்கக் கடல்தான் இருந்தது. திரும்பிய பிறகு பழைய உத்தரவே நிலைத்தது.

இதற்குள் அவர் அனுப்பிய ரிப்போர்ட் மேலிடத்தில் மிகவும் மெச்சப்பட்டது. பதவி உயர்வோடு தஞ்சாவூருக்கு மாற்றினார்கள். சம்பளம் ஐம்பது ரூபாய் கூடுதல். மைலுக்கு இவ்வளவென்று பிரயாணப்படி வேறு.

வண்டியில் பெட்டி ஏற்றும்போது ஐயம்பெருமாள் குறுக்கே வந்து நின்றான்.

"எங்களுக்கு ஊர் மாறினா கூலி குறையுது. ஐயாவுக்கு மட்டும் எப்படி ஏறுது?"

இப்படிக் கேள்வி கேட்பவனை வயலில் விட்டுவைப்பது சர்க்காருக்கு நல்லதல்ல என்று அதிகாரி கண்டு, அங்கேயே அவனை ஆபீஸ் சேவகனாக நியமித்தார். மாதம் ஒன்பது ரூபாய், தலைப்பாகை, தோளில் டவாலிப் பட்டை.

திங்கட்கிழமை காலை ஐயம்பெருமாள் பாலத்தில் கம்போடு நின்றான். "என்னலே பைய நடக்கிய? ஊர் மாறினாத்தான வருமானம் ஏறும். என்னைப் பாருங்கலே" என்று கூட்டத்தை விரட்டினான். அவன் மனதார அதை நம்பினான்.

கூட்டத்தின் கடைசியில் அரிவாளோடு வந்த சந்தனமாரி அவனைத் தலைப்பாகை முதல் கால் வரை பார்த்தாள்.

"ஏறினது எல்லாம் சரிதான். இங்கன இருந்து நீங்க எந்த ஊருக்கு மாறினீய?"

சேவகன் டவாலியைச் சரிசெய்துகொண்டான். வருகை நோட்டை எடுத்து, சந்தனமாரி தாமதம் என்று எழுதச் சொல்லி, கூட வந்திருந்த ஆபீஸ் குமாஸ்தாவிடம் கொடுத்தான்.