லமுனின் தகனத்துக்குக் கொடுக்கும் புத்தகம்

வன மடத்தில் தவமிருக்கும் வணக்கத்துக்குரிய பிக்கு கந்திசீலோ அவர்களின் பாதங்களுக்கு, தங்கள் அக்காள் கணவன் வினித், நகோன் சவான் ஊரிலிருந்து மும்முறை விழுந்து வணங்கி எழுதிக்கொண்டது. மூன்றாம் முறை எழுந்திருக்க மகள் அருணீ வந்து கை கொடுக்க வேண்டியதாயிற்று. அதனால் கும்பிடு செல்லாமல் போகாது என்று நம்புகிறேன். தவளை என்ற செல்லப்பெயரோடு தாங்கள் என் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டு ஓடிய காலத்தில், தங்களுக்கு இப்படியெல்லாம் எழுத வேண்டிவரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மடத்தில் கொசு எப்படி, முழங்கால் வலி எப்படி? இங்கே தங்கள் அக்காள் லமுன் இன்னும் கோயில் மண்டபத்தில் பெட்டிக்குள்தான் இருக்கிறாள். நூறாம் நாள் தகனம். அதுவும் நெருங்கிவிட்டது.

விஷயம் என்னவென்றால், தகனத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டிய புத்தகம். முன்பக்கத்தில் போனவரின் படம், அப்புறம் படிக்கிற மாதிரி ஏதாவது நல்ல விஷயம். தங்கள் தரும உரைகளைப் போடலாம் என்றாள் அருணீ. எல்லார் வீட்டிலும் உரைதான் கொடுக்கிறார்கள், வாங்கிப் போகிறவர்கள் அலமாரியில் வைப்பதோடு சரி, லமுன் பெயரில் கொடுப்பதை நாலு பேராவது பிரித்துப் படிக்கட்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். தங்கள் உரைகளைச் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் என்னைப் பிடித்து ஆட்டிய அந்தப் படகுக்காரன் நாவலை அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். தாங்களும் என் பெட்டியிலிருந்து திருடிப் படித்தவர்தான், நினைவிருக்கும். ஆற்றுப் படகுக்காரன் ஒருவன் ஒருநாள் விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் காவி உடுத்து உண்மையைக் கண்டுகொள்ளும் கதை. எழுத்தாளரின் பேரனிடம் அனுமதி கேட்டபோது, தாத்தா கதையெல்லாம் எழுதுவாரா என்று அவன் என்னைத் திருப்பிக் கேட்டுவிட்டுத் தாராளமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னான்.

போன வாரம் அச்சகத்துக்காரர் செங், பிழை பார்க்க வேண்டிய தாள்களைத் தானே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார், கடைசியில் மெல்லச் சொன்னார்: “மாமா, தப்பா நெனைக்காதீங்க. கதை ஆரம்பமே ஒரு பொண்ணு ஆத்துல குளிக்குது. மூணு பக்கம் குளிக்குது. அத்தை போட்டோவுக்கு நேர் எதிர்ல வருது.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக அந்த நாவலில் தருமம் இருந்ததுதான் எனக்கு நினைவில் இருந்தது, குளியல் சுத்தமாக மறந்துபோயிருந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று அன்றைக்கு மத்தியானமே வாசலில் உட்கார்ந்து படித்தேன். மூன்று பக்கமும் படித்தும் மனம் அசையவில்லை. ஆசை அறுந்துவிட்டது, வனத்துக்குப் போகாமலேயே தங்களுக்கு ஒரு படி மேலே போய்விட்டேன் என்று பூரித்துப் போய் அருணீயைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அப்பா, உங்களுக்குக் கண்புரை. பாதி எழுத்து தெரிஞ்சிருக்காது,” என்று சொல்லிவிட்டு அவள் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

அதோடு நின்றிருந்தால் ஞானியாகவே இருந்திருப்பேன். அடுத்து வந்தது அந்தப் புறப்பாட்டு அத்தியாயம். ஆஸ்பத்திரியில் லமுனுக்கு அதை மட்டும் வாசித்துக் காட்டியிருந்தேன், எனக்கு அவ்வளவு பிடிக்கும். படகுக்காரன் மனைவி விடியலில் எழுந்து இரண்டு தட்டில் சோறு போட்டு வைக்கிறாள். அவன் சாப்பிடாமல், சொல்லாமல், படகை அவிழ்த்துக்கொண்டு போகிறான். அன்று நான் குரலெல்லாம் நடுங்க வாசித்து முடித்தபோது லமுன் கண்ணை மூடிக்கொண்டே, “அவன் போயிட்டான், சரி. அவ சாப்பிட்டாளாங்க?” என்றாள். அது கதைக்கு முக்கியமில்லை, தூங்கு என்றேன். அவளுக்கே அப்போது கஞ்சி இறங்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் கதையைப் பற்றி நாங்கள் பேசவில்லை, வேறு எதைப் பற்றியும் அதிகம் பேச நாள் இருக்கவில்லை.

பத்தொன்பது வயதில் அந்தப் படகில் நானும் ஏறிப் போனேன். இந்தத் தடவை படகு வளைவில் மறைந்த பிறகும் நான் அடுப்படியிலேயே அந்தப் பெண்ணோடு நின்றுகொண்டிருந்தேன். லமுன் போனதிலிருந்து எனக்கும் கைதவறி இரண்டு தட்டு வந்துவிடுகிறது, அதனால் இருக்கலாம். அவள் சாப்பிட்டாளா என்று புத்தகம் முழுக்கத் தேடினேன். மீதிப் பக்கங்களில் அவள் பேரே இல்லை. படகுக்காரன் அரசமரத்தடியில் உட்கார்ந்து உண்மையைக் காண்கிற கடைசிப் பக்கத்தில், “வீட்டுக்குப் போடா” என்று நான் கத்திய கத்தலில், தெருநாய் உள்ளே நுழைந்துவிட்டதென்று அருணீ துடைப்பத்தோடு ஓடிவந்தாள். தாள் எல்லாம் என் கண்ணீரில் ஊறிக் கிடந்தது. அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தங்களைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். தாங்கள் கல்யாணம் ஆகாமலே துறந்தவர், யாருடைய தட்டும் காத்திருக்கவில்லை. என் சந்தேகம் வேறு. வயதானால் பற்று குறைய வேண்டும் என்கிறார்கள். பத்தொன்பதில் உலகத்தையே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் இருந்தது. எழுபதில், கதையில் வரும் ஒரு பெண்ணை அடுப்படியில் விட்டுவிட்டு வர முடியவில்லை. இது வளர்ச்சியா, சறுக்கலா? சுற்றி வளைக்காமல் சொல்லுடா தவளை. மன்னிக்கவும், சொல்லுங்கள்.

எதுவானாலும், இப்படிப்பட்டவன் கதையை லமுன் தகனத்தில் கொடுக்க எனக்கு மனமில்லை. அருணீ சொன்னதே சரி. தங்கள் உரைகளை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அனுப்பிவைக்க வேண்டும். தங்கள் தவத்தின் புண்ணியத்தில் ஒரு பங்கு லமுனைச் சேரட்டும். மழைக்கால விரதம் முடியும் வரை முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள்ளவும்.

தங்கள் அடியவன்,
வினித்

பின்குறிப்பு: உரைகளை அனுப்ப வேண்டாம். இதை ஒட்டுவதற்குள் செங் வந்துவிட்டார், நாவலையே அச்சடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். படத்துக்கும் குளியலுக்கும் நடுவில் தங்கள் முன்னுரை வருகிறது, தயவுசெய்து நீளமாக எழுதவும். பிழை பார்த்ததில் நான் ஒரே ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். படகு மறைந்த இடத்தில் என் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: “அவள் இரண்டு தட்டுச் சோற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.”