கீழயிருந்து எண்ணின சுவர்

என் மேல எனக்கே இல்லாத அக்கறை வெச்சிருக்கிற அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கிறேன். நான் சௌக்கியம். அதாவது மூணு வேளையும் ஏதோ சாப்பிடுறேன். நீயும் அத்தானும் சௌக்கியமா இருக்கணும். போன்ல சொன்னா நீ குறுக்கே குறுக்கே பேசுவ, அதான் கடிதம்.

நீ சொன்னபடியே வீட்டைக் காலி பண்ணிட்டு ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கே வந்துடுறேன். சாமானெல்லாம் கட்டியாச்சு. நடுவுல ஒரு கூத்து நடந்துபோச்சு. எங்க குடியிருப்பு மதில் சுவர்ல எல்லாருமா சேர்ந்து படம் வரையறதுன்னு முடிவாச்சு. "நீங்க இன்ஜினியர்தானே, கோடு போட்டுக் குடுங்க"ன்னு செக்ரட்டரி என்னைப் புடிச்சுட்டார். நானும் சுவர் முழுக்கக் கட்டம் போட்டு, ஆளுக்கு நாலு வரிசைன்னு பிரிச்சு, குழம்பிடுவாங்களேன்னு முழுப்படத்தைக் காட்டாம அவங்கவங்க துண்டை மட்டும் குடுத்தேன். வரைய முன்வந்தது மூணே பேர்: போர்டு எழுதுறவர், பச்சை குத்துற பொண்ணு, கேக் மேல பூப் போடுற அம்மா, மூணு பேரும் ஒரே தெருவுல கடை வெச்சிருக்காங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஆளுக்கொரு நாள் வந்து வரைஞ்சுட்டுப் போனாங்க. கடைசியில பார்த்தா மரத்தோட வேர் உச்சியில நிக்குது, மீன் ஆகாசத்துல நீந்துது, மேகம் சாக்கடை ஓரமா கிடக்கு. நான் கணக்குல போடுற கிராஃப் மாதிரி வரிசையைக் கீழயிருந்து எண்ணியிருக்கேன், அவங்க மேலயிருந்து எண்ணியிருக்காங்க! மூணு பேரையும் ஒண்ணாக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எத்தனை கடைக்குப் போர்டு எழுதியிருக்கேன், எங்கேயாவது கீழயிருந்தா ஆரம்பிப்பாங்க?"ன்னார் போர்டுக்காரர்.

"அண்ணே, இதை ஒருத்தர் முதுகுல போட்டிருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பாங்க"ன்னா அந்தப் பொண்ணு.

கேக் அம்மா மட்டும், "விடுங்க, கேக் கவுந்தாலும் ருசி அதேதான்"னாங்க. அக்கா, நான் சிரிச்சுட்டேன். சத்தமா. "வீட்டுக்காரிகிட்டச் சொல்லுப்பா, அவளும் சிரிக்கட்டும்"னாங்க. இங்க யார் கேட்டாலும் அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னுதான் சொல்லிட்டிருந்தேன். அன்னைக்கு வாய் தவறி, "அவ இறந்துபோய் எட்டு மாசம் ஆச்சு"ன்னுட்டேன். போர்டுக்காரர் என் கையில பிரஷ்ஷைத் திணிச்சு, "அந்த மேகத்துக்கு ஓரக்கோடு போடு, கோணலானா நான் பார்த்துக்கறேன்"னார். கோணலாத்தான் வந்துது. சுவரை அழிக்க யாருக்கும் மனசு வரலை. இப்ப கேக் அம்மா கடைக்கு அவர் போர்டு எழுதுறார், அந்தப் பொண்ணு அவர்கிட்ட எழுத்து பழகுறா, கேக்குக்கு கிரீம் பிழியுற கோன்ல பெயிண்ட் ஊத்தினா பூ புடைச்சுக்கிட்டு வருமான்னு என் வீட்டு ஹால்ல வெச்சு ஆராய்ச்சி நடக்குது. டீ போடுறது நான்.

அது கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை காலையில கிளம்பிடுவேன். அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம்.

உன் தம்பி.

பின்குறிப்பு: சாவியைக் குடுக்கத்தான் வீட்டு ஓனர்கிட்டப் போனேன். அவர் மாடிச் சுவரைக் காட்டி, "இங்கேயும் ஏதாவது தப்பா வரைங்களேன்"னார். நான் யோசிக்காம, "அடுத்த வாரம் ஆரம்பிச்சுடலாம்"னுட்டேன். நான் வரலை அக்கா. துக்கம் குறைஞ்சுபோச்சுன்னு நினைக்காதே, அது அப்படியேதான் இருக்கு. இங்க அது மூணு பேருக்குத் தெரிஞ்சு இருக்கு, அவ்வளவுதான். நீங்க எல்லாரும் கிளம்பி வாங்க. பழைய துணியா உடுத்திட்டு வா, இவங்க உன்னைச் சும்மா உட்கார விடமாட்டாங்க.