வேப்பூர்க்காரர்கள் பெண் பார்த்துவிட்டுப் போனது தொடர்பாக

விருத்தாசலம்,
ஞாயிறு மாலை.

மதிப்பிற்குரிய கமலம் அத்தை அவர்களுக்கு, தம்பி மகள் இளமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே நீங்களும் மாமாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். ஆலைக்குக் கரும்பு போகிற நாட்களில் பெண்ணாடத்தில் சுகமில்லாமல் படுக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை என்று மாமா போன வருடமே சொல்லியிருக்கிறார்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். தங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. போன வரனைப் பற்றி நாம் அந்தரங்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, "அந்தப் பையன் வேணாம்மா, அவங்க அண்ணன் சரியில்ல" என்று நடுவில் வந்த ஆண் குரல் மாமாவுடையது அல்ல, பால்காரருடையது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் சொன்னது சரியான தகவல்தான். ஆனாலும் இந்த முறை நடந்ததை ஒருவர் மட்டும் அறிந்தால் போதும் என்று நினைக்கிறேன். கடிதத்தைத் தாங்கள் வாய்விட்டுப் படிக்காமல் இருக்க வேண்டும்.

தாங்கள் புதன்கிழமை போனில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இந்தா பாரு மதி, வேப்பூர்லேர்ந்து வராங்க. வியாழன்லேர்ந்து சனிக்குள்ள எப்ப வேணாலும் வருவாங்க. சாமான் வாங்கற மாதிரி வந்து உன்னப் பாத்துட்டுப் போயிடுவாங்க. அவங்களும் சொல்ல மாட்டாங்க, நீயும் கேக்கக் கூடாது. பேரு, ஊரு ஒண்ணும் கேக்காத. நீ பாட்டுக்கு எப்பவும் போல இரு. பையனுக்கு விருத்தாசலத்துலயே வேல, கல்யாணத்துக்கப்புறமும் நீ வேலைக்குப் போலாம்னு சொல்லிட்டாங்க. இவங்களும் வேணாம்னுட்டா ஒண்ணாந்தேதியோட வேலைய வுட்டுட்டு வூட்ல குந்து. கக்கூஸ் விக்கிற பொண்ணுன்னு ரெண்டு எடம் தட்டிப் போனது போதும்." இதை அப்பாவிடமும் சொல்லி, அப்பாவும் தலையாட்டிவிட்டார். அதே ஒன்றாம் தேதிதான் பீங்கான் கடை முதலாளி தனக்கோடி என்னைக் கடைக்குப் பொறுப்பாளராக்கப் போகிற தேதி என்பதை அப்பாவும் மறந்துவிட்டார், நீங்களும் மறந்துவிட்டீர்கள். நான் மறக்கவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

எப்பவும் போல இருப்பது எவ்வளவு கடினம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் எப்பவும் எப்படி இருக்கிறேன் என்று யோசிக்கத் தொடங்கியதுமே, கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது மறந்துபோயிற்று. போதாக்குறைக்கு, தாங்கள் பேசியதைக் கடையில் என் பக்கத்தில் வைக்கோல் சுற்றிக் கொண்டிருந்த மாரியம்மாள் அக்கா முழுதாகக் கேட்டுவிட்டார். பீங்கானை உடையாமல் வைக்கோல் வைத்துக் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. செய்தியை அப்படிப் பொதிந்து வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. பத்து நிமிடத்தில் முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. நான் வேலையை விட்டால் சரக்கு எது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளிருக்காது என்பதால் அவர் கலங்கிப்போய், இன்றிலிருந்து சனிக்கிழமை வரை கடைக்குள் வருகிற ஒவ்வொருவரும் மாப்பிள்ளை வீட்டார் என்றே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார். அரைக் கிலோ மிக்சரும் ஒரு பிளாஸ்க்கும் வாங்கி வந்தார்.

வியாழன் காலையில் முதலில் வந்தவர்கள் கம்மாபுரம் பக்கத்துத் தேவநாதனும் அவர் மகனும். இவர் மாதம் ஒரு முறை மகனுடைய வண்டியில் வந்து, சுவர் ஓரம் இருக்கிற வெள்ளை வெஸ்டர்ன் கக்கூஸ் கோப்பையைச் சுற்றி வந்து, விலை கேட்டு, போய்விடுகிறவர். முதலாளிக்கு முகம் நினைவில் நிற்காது. நாற்காலி போட்டார், டீ ஊற்றினார், மிக்சரை நீட்டினார், பிறகு அவர் மகனைப் பார்த்து, "தம்பி என்ன பண்றாப்ல? சொந்த வூடா?" என்றார். மாரியம்மாள் அக்கா என் காதில், "ஒசரமாத்தான் இருக்குறாரு, ஒனக்குப் பொருத்தம்" என்றார். தேவநாதன் மிக்சரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, போன மாசம் வந்தப்ப தண்ணி இருக்குதான்னு கேட்டதுக்கு வெளில பைப்ப காட்டுனீங்க. இப்ப என்னா இது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சொந்த வீடா என்றதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: "நிலக்கரிச் சுரங்கத்துக்கு எங்க தெருவ எடுக்கறதா சொல்றாங்கம்மா, எடுக்கலன்னும் சொல்றாங்க. இத வாங்கிப் பதிச்சப்புறம் வூட்ட குடுன்னா, இத பேத்து எடுத்துட்டுப் போவ முடியுமா?" முடியாது, உடையும் என்றேன். "அதான் பாத்துட்டு மட்டும் போறேன்" என்றார். அவர் மகனுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள்.

மூன்று வருடமாக இந்த வேலையில் இருந்து ஆட்களைப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம் உண்டு. வாஷ் பேசின் வாங்க வருகிறவர்கள் கண்ணாடியில் முகம் பார்ப்பது போல அதற்கு முன்னால் நின்று பார்ப்பார்கள். வெஸ்டர்ன் வாங்க வருகிறவர்கள் அதைக் கண்ணால் பார்க்கவே கூச்சப்பட்டு, பக்கத்திலிருக்கிற ஊறுகாய் ஜாடியைப் பார்த்தபடியே கோப்பையின் விலையைக் கேட்பார்கள். பெண்கள் பேரம் பேசுவார்கள். ஆண்கள் முதலாளி எங்கே என்று கேட்பார்கள். எங்கள் சாலையில் வரிசையாகப் பீங்கான் கடைகள் இருந்தும் எங்கள் கடைக்கு ஆள் வருவது, என்ன கேட்டாலும் நான் முகம் சுளிக்காமல் விளக்குவதால் என்று முதலாளி நம்புகிறார். கக்கூஸ் விற்கிற பெண் என்று தட்டிப் போன இரண்டு வீட்டிலும் கக்கூஸ் இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஒரு அம்மா தனியாக வந்தார். அடுக்கிலிருந்த நாற்பது ஜாடியையும் ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். விரிசல் இல்லாத ஜாடி கணீர் என்று சொல்லும், விரிசல் உள்ளது இருமும். இது தெரிந்து வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு மரியாதை. நடுநடுவே, "பேரென்ன? எந்த வூரு? சமைப்பியா? கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?" என்று கேட்டார். முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார். இந்தக் கேள்விகளை நம் பக்கத்துப் பெண்கள் பஸ் கண்டக்டரிடமும் கேட்பார்கள் என்று அவருக்குச் சொல்ல முடியவில்லை. அதற்குள் மாரியம்மாள் அக்கா ஓடிப்போய் வெற்றிலை பாக்கு வாங்கி வந்து தட்டில் வைத்து நீட்டிவிட்டார். அந்த அம்மா, "ஜாடி வாங்குனா வெத்தல பாக்கு வேற குடுக்குறீங்களா?" என்று மகிழ்ந்து, எட்டு ஜாடி எடுத்துக்கொண்டு போனார். மெஸ் நடத்துகிறாராம்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். எழுதக் கை வரவில்லை என்றாலும் எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு ஒரு அம்மாவும், இருபத்தெட்டு வயது மதிக்கத்தக்க மகனும் வந்தார்கள். அம்மா கையில் பழைய துண்டில் சுற்றிய ஜாடி. உள்ளே நுழையும்போதே, "வேப்பூர்லேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறி வரேன்" என்றார். முதலாளி எழுந்து நின்றார். மாரியம்மாள் அக்கா வைக்கோலைக் கீழே போட்டார். நான் எப்பவும் போல இருந்தேன். அந்த அம்மா துண்டைப் பிரித்து ஜாடியை மேசையில் வைத்து, "ஒரு மாசம் ஆவல, தானா விரிசல் வுட்டுப் போச்சி. வேற குடு" என்றார். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சிலந்தி வலை போல விரிசல், அதைச் சுற்றி வட்டமாகக் கரி. சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாலும் போகவில்லை.

"அம்மா, இது அடுப்புல வெச்ச ஜாடிங்க" என்றேன்.

"அடுப்புலயா? யாராச்சும் ஜாடிய அடுப்புல வெப்பாங்களா? எனக்கு அறுவது வயசாவுது."

"எண்ணெ காய வெச்சிருப்பீங்க. கரி தெரியுது பாருங்க."

"அது கரி இல்ல, ஊறுகா."

"ஊறுகா உள்ளதாங்க இருக்கும். இது வெளிப்பக்கம்."

அந்த மகன் அதுவரை வாஷ் பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக, "நீதானம்மா எண்ண சூடாவட்டும்னு அடுப்பு மேல வெச்ச" என்றார்.

"நீ வாய மூடு. உனக்காகத்தான்டா நான் இவ்ளோ தூரம் வந்து அலையறேன்!"

இந்த ஒரு வாக்கியத்தில் முதலாளிக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. அவர் அந்த அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, புது ஜாடி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி எனக்குக் காட்டினார். கொடுத்துவிடு என்று அர்த்தம். மாரியம்மாள் அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் புரியாமல் இல்லை. ஒரு ஜாடியைக் கொடுத்தால் வேலை தங்கும். ஆனால் அத்தை, ஒன்றாம் தேதி கடைக்குப் பொறுப்பேற்கப் போகிறவள், அடுப்பில் வைத்து உடைத்த ஜாடிக்குப் புது ஜாடி கொடுத்தால், இரண்டாம் தேதி வேப்பூரிலிருந்து ஒரு பஸ் நிறைய உடைந்த ஜாடி வரும். அதோடு, வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேலையைத் தப்பாகச் செய்வதா என்றும் ஒரு யோசனை வந்தது. அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டிய யோசனை அல்ல, வந்துவிட்டது.

"மாத்தித் தர முடியாதுங்க. வேணும்னா செகண்ட்ஸ்ல ஒண்ணு கம்மி வெலைக்குத் தரேன். வாய் கொஞ்சம் கோணலா இருக்கும், ஊறுகாய்க்கு ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"கோணல் வாயா? அதான் இங்க நிக்குதே! ஜாடிக்கு வேறயா?" என்றார் அந்த அம்மா. மகன் சிரித்துவிட்டார். நானும் சிரித்திருக்கலாம், நல்ல பதில்தான். சிரிக்காமல், "அடுத்த தடவ எண்ணெயக் கடாயில காய வெச்சி, ஆறுனதும் ஜாடில ஊத்துங்க" என்றேன். அறுபது வயது ஆளுக்கு ஊறுகாய் போடச் சொல்லித் தந்தது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். "இந்த வாய வெச்சிகிட்டு எவன் வூட்டுக்குப் போவப் போறியோ, அந்த வூடு உருப்பட்ட மாதிரிதான்" என்று சொல்லி, உடைந்த ஜாடியை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு அவர் போய்விட்டார். மகன் வாசலில் திரும்பி, "மன்னிச்சிக்குங்க" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு முதலாளி காட்சிக்கு வைத்திருந்த வெஸ்டர்ன் கோப்பையின் மேலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அதில் வாடிக்கையாளர் முன்னால் ஒருவர் உட்கார்ந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வந்திருந்த ஒருவர், "தாங்குதே" என்று சொல்லி அதையே வாங்கிப் போனார்.

ஆகவே வேப்பூரிலிருந்து தங்களுக்கு வரப்போகும் பதில் என்ன என்று எனக்குத் தெரியும். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மையாக இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான். அந்த அம்மா எனக்கு மாமியாராக வரப்போகிறவர் என்று எண்ணிக்கொண்டேதான் நான் அப்படிப் பேசினேன். தெரியாமல் செய்த பிழை அல்ல, மன்னிப்புக் கேட்பதற்கு. நாளைக்கே வந்தாலும் அந்த ஜாடியை மாற்றித் தர மாட்டேன். எனக்கு இந்த வேலை நன்றாகச் செய்ய வருகிறது. எனக்கு நன்றாகச் செய்ய வருகிற வேறு எதுவும் இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை, தாங்கள் உட்பட. ஒன்றாம் தேதியோடு விடச் சொல்லாதீர்கள். அப்பாவிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் அதற்கும் தலையாட்டுவார்.

மாமாவின் முழங்கால் வலிக்கு அம்மா எண்ணெய் கொடுத்து அனுப்புவார். பால்காரருக்கும் என் விசாரிப்புகளைத் தெரிவிக்கவும். தாங்கள் நீண்ட நாள் நல்ல உடம்போடும், குறைந்த சத்தத்தோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தம்பி மகள்,
இளமதி.

பின்குறிப்பு (திங்கள் காலை): உறையை ஒட்டுவதற்குள் தாங்கள் அம்மாவிடம் போனில் பேசியது இந்தப் பக்கமும் நன்றாகக் கேட்டது. வேப்பூர்க்காரர்களுக்குப் பிடித்துவிட்டது, வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்து பார்த்துவிட்டார்கள், "செவப்புச் சேலை, மூக்குத்தி, என்னா கேட்டாலும் சிரிச்சிகிட்டே பதில் சொல்லிச்சி" என்றீர்கள். எங்கள் கடையில் நீலச் சுடிதார்தான் சீருடை. எனக்கு மூக்குக் குத்தவில்லை. சிரித்ததாகவும் நினைவில்லை. தாங்கள் அவர்களுக்குச் சொன்ன அடையாளம் "பெட்ரோல் பங்குக்குப் பக்கத்துக் கடை" என்று அம்மா சொன்னார். பங்குக்கு இடது பக்கமும் கடை, வலது பக்கமும் கடை. பேர் கேட்கக் கூடாது என்று இரண்டு தரப்பும் சத்தியம் காத்ததால், அவர்கள் வலது பக்கக் கடையில் பாரதி என்ற பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போதுதான் போய் விசாரித்து வந்தேன். "ஆமா, ஒரு அம்மாவும் பையனும் வந்தாங்க. ரெண்டு அகல்விளக்கு வாங்க ஒரு மணி நேரம் நின்னாங்க. அந்த ஆளு வெலையவே நாலு தரம் கேட்டாரு" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த அகல்விளக்கைத் துடைத்து அடுக்கில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் இருந்தாரு" என்றாள். அவள் அப்பா நம்பரை இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், வேப்பூரில் சேர்த்துவிடவும். தாங்கள் முதலில் கேட்கப்போகும் கேள்விக்கு விடை: ஆமாம், அவர்களும் நம்ம ஆளுங்கதான். அதற்கு அடுத்து கேட்க வேண்டியவற்றைத் தாங்கள் வழக்கமாகக் கேட்பதில்லை. சனிக்கிழமை வந்த அம்மா வெறும் உடைந்த ஜாடிக்காரர். ஆகையால் மேலே நான் எழுதியிருக்கிற ஆறு பக்கத்தையும் தாங்கள் படித்திருக்க வேண்டியதே இல்லை. தங்கள் நிபந்தனையை மட்டும் நினைவூட்டுகிறேன்: வேப்பூர்க்காரர்கள் வேண்டாம் என்றால்தான் நான் வேலையை விட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரை வேண்டும் என்றார்கள் என்பது நிபந்தனையில் இல்லை. ஒன்றாம் தேதிக்கு முதலாளி சாவிக்கொத்து செய்யக் கொடுத்திருக்கிறார். அப்பாவிடம் "வேப்பூர்க்காரங்களுக்குப் புடிச்சிருக்குதாம்" என்பது வரை சொன்னால் போதும்.