லவுஞ்சில் நான் பிடித்த மூன்று சீட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் நடுப்பகுதியை நான் பார்க்கவில்லை. அப்போது பாத்ரூமில் இருந்தேன். கூட வேலை பார்க்கும் சுமதி சொல்லித்தான் தெரியும்.

அன்றைய வேலை சாதாரணமானது. புனேயிலிருந்து டெல்லிக்குப் போய் ஒரு கஸ்டமருக்கு டெமோ காட்ட வேண்டும். மேனேஜர் குல்கர்ணி சார், சுமதி, நான். புனேயின் ஐ.டி. பகுதியான ஹிஞ்சேவாடிக்கு வேலைக்கு வந்து எனக்குப் புரொபேஷன்கூட முடியவில்லை. டெமோ சொதப்பினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். டெமோ இருக்கும் லேப்டாப் என் பையில்.

அதுதான் என் முதல் விமானம் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

செக்யூரிட்டி தாண்டியதும் சார் ஒரு கண்ணாடிக் கதவைக் காட்டினார். “அது லவுஞ்ச். காசு கட்டினா யாரும் போகலாம். நீ போய் மூணு சீட் பிடிச்சு வை. நாங்க புக் ஸ்டால் பார்த்துட்டு வர்றோம்.”

சீட் பிடிப்பதா! விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் வளர்ந்தவனிடம் சொல்கிற வார்த்தையா அது?

கவுன்டரில் பணம் கட்டினேன். “எங்க வேணாலும் உக்காருங்க சார்” என்றாள் அந்தப் பெண். நான் நம்பவில்லை. டிக்கெட் வேறு, சீட் வேறு. இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

ஒரு சோபாவில் கர்சீஃப் போட்டேன். அடுத்ததில் இன்னொரு கர்சீஃப். மூன்றாவதில் லேப்டாப் பை. சார்ஜ் ஏற வேண்டுமே! வெளியே எடுத்து வைத்தால் யாராவது தூக்கிப் போய்விட்டால்? லேப்டாப்பைப் பைக்குள்ளேயே விட்டு, வயரை மட்டும் வெளியே இழுத்துச் சுவரில் செருகினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, லவுஞ்சுக்குள்ளேயே இருந்த பாத்ரூமுக்குப் போனேன். கண்ணாடி முன்னால் நின்று, டெமோவின் முதல் வரியை விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

இனி சுமதி சொன்னது.

ஆள் இல்லாத பை. அதிலிருந்து சுவருக்கு ஒரு வயர். பக்கத்தில் காவலுக்கு வைத்தது போல இரண்டு கர்சீஃப். பார்த்த ஒரு அம்மாள் கத்திவிட்டார். துப்பாக்கியோடு ஒரு ஜவான் ஓடி வந்து, “யே பேக் கிஸ்கா ஹை?” என்று கேட்டிருக்கிறார். யாருடைய பை என்று யாருக்குத் தெரியும்? சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் தட்டோடு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்.

அப்போதுதான் சாரும் சுமதியும் வந்து சேர்ந்தார்கள். அதுவரை நடந்ததை சுமதியே அந்தக் கூட்டத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாளாம்.

நான் வெளியே வந்தேன். லவுஞ்ச் காலி!

‘அடச்சே, இதுக்கா இவ்வளவு பாடுபட்டு சீட் பிடிச்சோம்’ என்று நொந்துகொண்டேன். கட்டின காசுக்கு ஒரு தட்டு நிறைய உப்புமா போட்டுக்கொண்டு, பைக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய கூட்டம். எல்லோரும் கையை ஆட்டினார்கள். நடுவில் குல்கர்ணி சார்.

நானும் கையை ஆட்டினேன். பக்கத்து சோபாவைத் தட்டிக் காட்டி, “வாங்க சார், இடம் இருக்கு!” என்றேன்.

பிறகு நடந்ததற்கு நானே சாட்சி. ஜவான்கள் உள்ளே வந்து கையைத் தூக்கச் சொன்னார்கள். ஒரு கையில் உப்புமா இருந்தது; அதையும் தூக்கினேன். பையைப் பிரித்தார்கள். லேப்டாப், சார்ஜர், அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு. ஜவான் முறுக்கைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

“சீட் பிடிச்சேன்” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். சுற்றிலும் காலி சோபாக்கள். அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைக் கொடுத்துவிட்டார்.

“ஏப்பா, பூமி பிளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு எனக்கு” என்றாள் சுமதி.

விமானம் கிளம்பியதும் சார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை போச்சு என்று முடிவு செய்து, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். மேகத்துக்கு மேலே போனதும் சார் என் பக்கம் திரும்பினார்.

“நான் வருஷக்கணக்கா மும்பைக்கு தினமும் ரயில்ல போய் வந்தவன். சீட்டுக்குக் கர்சீஃப் போதும். பையை எதுக்கு வெச்சே?”

டெமோ ஒழுங்காக நடந்தது. வேலையும் தப்பியது.

புனே திரும்பியதும் ஒரு நாள் காலையில், மும்பை ரயில் நிற்கும் சிஞ்ச்வட் ஸ்டேஷனுக்குப் போய் நின்று பார்த்தேன். சார் சொன்னது உண்மைதான். ஜன்னல் வழியாக விழுந்ததெல்லாம் கர்சீஃப். பை ஒன்றுகூட இல்லை.