கெளுத்திக்குப் போட்ட கயிறு

இனிமேல் தினமும் மாலையில் ஆற்றுக்குப் போவது என்று மாவுக்காரர் முடிவு செய்தார். யார் தடுத்தாலும் போவது. 'யார்' என்று பொதுவாகச் சொன்னாலும் அந்த வீட்டில் தடுக்கக்கூடியவர் ஒருவர்தான். அந்த ஒருவர் அடுத்த அறையில் உட்கார்ந்து யாருடைய கால்சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஆகவே முடிவை மாவுக்காரர் மனதுக்குள்ளேயே அறிவித்தார்.

ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி முழுக்க மாவு பிசைவது அவர் வேலை. பிசைவது என்னவோ இயந்திரம்தான். ஆனால் அது போடுகிற சத்தத்தை விடியும்வரை கேட்பது அவர். வீட்டுக்கு வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். மறுபடி வேலைக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும். அந்த இரண்டு மணி நேரமும், வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிற மனைவி பேசுவாள். மாடிவீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்தது, ஜிப் மாற்ற வந்தவர் ஜிப்பை மறந்து வந்தது, மின்கட்டணம் ஏறியது, ஏன் ஏறியது, யாரால் ஏறியது. ஒருநாள் செய்தி மொத்தமும் வரும். ராத்திரி அந்த மெஷின், சாயங்காலம் இந்த மெஷின், என் காதுக்கு ஒரு லீவு கிடையாதா என்று மாவுக்காரர் பலமுறை கேட்டிருக்கிறார். கேட்டது கண்ணாடியிடம்.

வழி கிடைத்தது பின்னறையில். "அந்த ரூமை ஒழிங்க, ஒழிங்க" என்று அவள் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தாள். பேச்சிலிருந்து தப்ப ஒருநாள் அங்கே நுழைந்தவர், உடைந்த நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு பலகையை உருவினார். பலகையில் சுற்றியிருந்தது பழைய கெளுத்திக் கயிறு. நீளமான கயிறு, அதில் கைநீளத்துக்கு ஒன்றாகக் குட்டிக் கயிறுகள், ஒவ்வொரு குட்டிக் கயிற்றின் நுனியிலும் ஒரு தூண்டில் முள். முட்கள் துருப்பிடித்து வரிசையாகத் தக்கைக்குள் தூங்கிக்கொண்டிருந்தன.

மாவுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான புதுசு ஞாபகம் வந்தது. ஒற்றை அறை வாடகை வீடு. கையில் காசில்லை, ஆனால் மாலை நேரம் மட்டும் எக்கச்சக்கமாக இருந்தது. இரவல் படகில் இருவரும் போவார்கள். கரையோர மரத்து வேரில் ஒரு முனையைக் கட்டி, கல்லைக் கோர்த்து மறு முனையை நடு ஆற்றில் இறக்குவார்கள். அவள் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவாள். இவர் முள்ளுக்கு இரை குத்துவார். ஒருமுறை முள்ளொன்று துள்ளி அவளுடைய பின்னலில் மாட்டிக்கொண்டது. பதறிப்போய் இவர் பின்னலின் நுனியையே அறுத்துவிட்டார். அன்று படகு கவிழும் அளவுக்குச் சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவள் அதைச் சொல்லிக்காட்ட ஆரம்பித்தாள். இன்னும் நிறுத்தவில்லை.

எதிர்வீட்டில் இருந்தவர் ஆற்று ஆய்வாளர். வாயைத் திறந்தால் ஒரு ஷரத்தாவது கீழே விழும். அதனால் தெருவில் அவருக்கு 'ஷரத்து அண்ணன்' என்றே பெயர். மாவுக்காரர் கயிற்றோடு அவரிடம் போனார்.

"போடலாமா அண்ணே?"

"தாராளமா. அனுமதிச் சீட்டு எடுக்கணும். கயித்துக்கு அடையாளமா மிதவை விட்டு, அதுல பேரும் விலாசமும் எழுதணும். முள்ளு இத்தனைன்னு கணக்கு இருக்கு, அதுக்கு மேல ஒண்ணு தொங்கக்கூடாது. கயிறு ஆழத்துல கிடக்கணும், மேல மிதந்தா போற வர்ற படகெல்லாம் சிக்கும். சின்ன மீனைத் திருப்பி விடணும். அப்புறம் முக்கியமா, போட்டுட்டு வீட்ல போய்ப் படுத்துக்கக்கூடாது. தினமும் போய்ப் பாக்கணும்."

"தினமுமா?"

"தினமும். மாட்டின மீனைத் தவிக்க விடறது குற்றம், தம்பி."

ஷரத்து அண்ணனைக் கட்டிப்பிடிக்க ஏதாவது ஷரத்து தடையாக இருக்குமோ என்று யோசித்து, மாவுக்காரர் கைகுலுக்குவதோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் விசாரணை நடந்தது.

"தினமும் போகணுமா?"

"சட்டம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒருநாள் போகலேன்னா?"

"அபராதம்! கயித்தையே பறிமுதல் பண்ணிடுவாங்க."

"கயிறே போடலேன்னா?"

இந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை. "சீட்டு எடுத்தாச்சே," என்றார் பலவீனமாக.

அவள் சண்டை போடவில்லை. மிதவையில் பெயரையும் விலாசத்தையும் அழகாக அவளே எழுதிக் கொடுத்தாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

அடுத்த சில நாட்கள் சொர்க்கம். தொழிற்சாலையில் மிஞ்சிய மாவை உருட்டி முள்ளில் குத்துவார். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கயிற்றைப் பார்த்து முடித்துவிடுவார். மீதி நேரம் படகில் மல்லாந்து படுத்துக்கொள்வார். தண்ணீர் படகின் அடியைத் தட்டும் சத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கெளுத்தியும் ஒன்றுமில்லை. மாவை மட்டும் யாரோ ஒழுங்காகச் சாப்பிட்டுப் போனார்கள்.

ஒருநாள் மாலை மனைவி சொன்னாள்: "ஷரத்து அண்ணன் பேண்ட்டுக்கு ஓரம் மடிச்சுக் குடுத்தேன். அவரால சும்மா இருக்க முடியுமா? பாதுகாப்பு விதி பூராவும் சொன்னாரு. உயிர்காக்கும் மேலங்கி போடாம படகுல ஏறக்கூடாதாம்."

மேலங்கி வந்தது. போட்டுக்கொண்டால் மல்லாந்து படுக்க முடியவில்லை. ஆமையைத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது.

"கயிறு இழுக்கறப்போ கைக்கெட்டற தூரத்துல கத்தி வேணுமாம். முள்ளு நம்மளை மாட்டிடுச்சுன்னா அறுக்கறதுக்கு."

கத்தியும் வந்தது.

"அப்புறம், தனியாப் போகவே கூடாதாம். பத்தாவது ஷரத்து. விழுந்தா சத்தம் போட இன்னொரு ஆளு வேணுமாம். என் அண்ணனை வரச்சொல்லலாம்னு இருக்கேன்."

மாவுக்காரர் வெளுத்துப்போனார். அவளுடைய அண்ணன் ரிட்டயர் ஆகி வேறு ஊரில் தனியாக இருந்தார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'வானொலி'. மாவுக்காரரைக் கேட்டால் அது தவறான பெயர். வானொலியில் நடுநடுவே இசை வரும்.

"வேற யாரும் இல்லையாம்மா?"

"துடுப்புப் போடத் தெரிஞ்ச ஆளா இருக்கணுமே." அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

"உனக்குத் தெரியுமே."

"எனக்கா? எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு. இத்தனை சட்டைக்கும் யாரு பொத்தான் தைக்கறது?"

"நான் தைக்கறேன்!"

தைத்தார். விரலில் குத்திக்கொண்ட ஊசிகள் தூண்டில் முட்களைவிட அதிகம்.

படகில் அவள் பழைய இடத்திலேயே, பின்னால் உட்கார்ந்தாள். கழுத்தில் ஒரு நாடாவில் துணி வெட்டும் கத்தரிக்கோலைத் தொங்கவிட்டிருந்தாள். துடுப்பு அவள் கைக்குப் பழகிய மாதிரியே போயிற்று. இதோ ஆரம்பிக்கப் போகிறாள் என்று மாவுக்காரர் காதைத் தயார் செய்துகொண்டார். அவள் ஆரம்பிக்கவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரால் தாங்க முடியவில்லை.

"என்ன, ஒண்ணுமே பேசமாட்டேங்கற?"

"பேசினா மீன் ஓடிடும்னு நீங்கதானே சொன்னீங்க."

"எப்ப?"

"கல்யாணமான புதுசுல."

அந்த அமைதி அவரை என்னவோ செய்தது. அவரே பேச ஆரம்பித்தார். புது மேஸ்திரியைப் பற்றி, மாவு புளிக்காத ஒரு ராத்திரியைப் பற்றி, மாடிவீட்டுக் குழந்தைக்கு இப்போது எத்தனை பல் என்று. அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க தூங்கறப்போ நான் தையல் மெஷினை ஓட்டறதில்ல. கதவை மெதுவாத்தான் சாத்தறேன். துணி குடுக்க வர்றவங்ககிட்டகூடக் கிசுகிசுன்னுதான் பேச்சு. நான் வாயைத் திறந்து பேசறது அந்த ரெண்டு மணி நேரம்தாங்க. அதையும் கொண்டுபோய் ஆத்துல போட்டுட்டீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கயிறு கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். மாவுக்காரர் மாவு உருண்டையை உருட்டிக்கொண்டே இருந்தார். அது போதுமான அளவு உருண்டு வெகுநேரமாகியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் கயிறு கனத்தது. "மாட்டிடுச்சு! மாட்டிடுச்சு!" என்று மாவுக்காரர் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். மீசையும் அகன்ற வாயுமாக ஒரு கெளுத்தி மேலே வந்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, போதும் என்று தீர்மானித்தது போல ஒரே பாய்ச்சலாகக் கீழே போனது. ஓடிய கயிற்றிலிருந்த அடுத்த முள் அவருடைய சட்டைக்கையில் பாய்ந்தது. அவர் பாதி உடம்பு படகுக்கு வெளியே போய்விட்டது. கத்தி காலடியில் பளபளவென்று கிடந்தது. கைக்கெட்டும் தூரம் என்று விதி சொன்னது எவ்வளவு சின்னத் தூரம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கன்னத்தில் தண்ணீர் பட்டது.

பின்னாலிருந்து ஒரு கை அவருடைய இடுப்பு வாரைப் பிடித்தது. கறுக் என்று ஒரு சத்தம். குட்டிக் கயிறு போயிற்று, கெளுத்தி போயிற்று, சட்டைக்கையும் முழங்கைவரை போயிற்று.

இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"சட்டை போச்சே," என்றார் அவர்.

"என் பின்னலுக்கு இது சரியாப் போச்சு," என்றாள் அவள். இடுப்பு வாரைப் பிடித்த பிடியை இன்னும் விடவில்லை.

மறுநாள் மாவுக்காரர் ஷரத்து அண்ணன் வீட்டுக்கே போய் நன்றி சொன்னார். "நல்லவேளை அண்ணே, தனியாப் போகக்கூடாதுன்னு பத்தாவது ஷரத்து இருக்கு. இல்லேன்னா இன்னிக்கு நான் இல்ல."

ஷரத்து அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "பத்தாவது ஷரத்து வலையோட கண்ணு அளவு தம்பி. தனியாப் போகக்கூடாதுன்னு சட்டமே கிடையாது. போகாம இருந்தா நல்லதுன்னு சொல்லுவோம், அவ்வளவுதான்."

மாவுக்காரர் தெருவை மெதுவாகக் கடந்தார். ஆக, அவர் சுதந்திர மனிதர். இப்போதே துடுப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போகலாம். மல்லாந்து படுக்கலாம், அந்த மேலங்கி அனுமதிக்கிற அளவுக்கு. வாசலில் துடுப்பைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் நின்றார்.

"கிளம்பலாமா? நேரமாச்சு," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

படகு நடு ஆற்றுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "ஷரத்து அண்ணன் சொல்லிட்டாரா?"

"என்னத்தை?"

"அப்படி ஒரு ஷரத்தே இல்லன்னு. அவரு வந்து கேட்டா உண்மையைச் சொல்லிடுங்கன்னு நான்தான் அவர்கிட்ட சொல்லிவச்சேன்."

"எதுக்கு?"

"தெரிஞ்சப்புறமும் கூப்பிடறீங்களான்னு பாக்கத்தான்."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். கெளுத்திகூட அப்படித்தான் செய்யும். "அப்ப உங்க அண்ணன்?"

"அவனா? அவனுக்குத் தண்ணின்னாலே பயம். குளிக்கறதுக்கே ரெண்டு தடவை யோசிப்பான்."

மாவுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். படகு கவிழும் அளவுக்குச் சிரித்தார்கள். மேலே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. மிதவையில் எழுதியிருந்த விலாசம் தண்ணீரில் மெல்ல ஆடியது. அந்த ஒற்றை அறை வாடகை வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று அவர் கேட்க, அவள் சொல்ல, அன்று வேலைக்கே தாமதமாயிற்று.

கரையிறங்கும்போது குஷியாகக் கேட்டார்: "வேற ஷரத்து ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள பின்னறையை ஒழிச்சுக் குடுங்க."

அவர் அன்று இருந்த மனநிலையில் வீட்டையே ஒழித்துக் கொடுத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை பின்னறையைக் காலி செய்தார், கழுவினார், ஜன்னலுக்கு எண்ணெய்கூடப் போட்டார்.

திங்கட்கிழமை காலை வேலை முடிந்து வந்து கண்ணை மூடியபோது, பின்னறையில் வானொலி குடிவந்திருந்தது. நடுவில் இசையே இல்லை.