கார் ஏறாத விடுமுறை

“பஸ்ஸா? அது நின்னு ஒரு மாசம் ஆகுதுங்களே,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

ரயிலிலிருந்து இறங்கிய இரண்டு குடும்பமும் மூட்டை முடிச்சுகளோடு கணக்கு வாத்தியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

வருடா வருடம் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் விடுமுறைக்குப் போகும். எங்கே, எப்படி என்பதெல்லாம் மருந்துக்கடை வைத்திருக்கும் சகலையின் முடிவு. விமானம், கார், பெரிய ஓட்டல். இந்த முறை வாத்தியார் பொங்கிவிட்டார்.

“போற இடத்தையெல்லாம் புகையாக்கிட்டு வர்றதுக்குப் பேரு விடுமுறையா? காரே இல்லாம நான் கூட்டிட்டுப் போறேன்.”

அது பந்தயமாகிவிட்டது. வழியில் யாராவது ஒருவர் காரில் ஏறினாலும், முடிவெடுக்கும் உரிமை காலத்துக்கும் சகலைக்கு. ஏறாமல் காட்டுக் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தால் வாத்தியாருக்கு.

“டாக்ஸி கூப்பிடுங்க அத்தான்,” என்றாள் மச்சினி. “தோத்தா என்ன, குடியா முழுகிடும்?”

“முழுகிடும்,” என்றார் வாத்தியார்.

“அதோ ஒரு சைக்கிள் கடை தெரியுது,” என்றார் சகலை, சாதுவாக.

நல்லவேளையாக ஆளுக்கொரு வாடகைச் சைக்கிள் இருந்தது. வாத்தியாரின் மனைவி சைக்கிளைத் தொட்டே பல வருடம் ஆகிறது. மேட்டில் தள்ளினாள், இறக்கத்தில் அலறினாள், இரண்டிலும் திட்டினாள்.

“யாருங்க இந்த யோசனையைச் சொன்னது?”

“நான்தான்.”

“தெரியும். உங்க வாயால கேக்கணும்னு கேட்டேன்.”

கடைசியில் ஆறு வந்தது; அக்கரையில்தான் குடில். பாலத்தை வேலைக்காக மூடியிருந்தார்கள். திரும்பிப் போகவிருந்த காரிலிருந்து ஒருவர் பாவப்பட்டு எட்டிப் பார்த்தார்.

“பொம்பளைங்க மட்டுமாவது ஏறிக்கங்க. சுத்துவழியில கொண்டுபோய் விடறேன்.”

மச்சினி ஒரு காலைத் தூக்கியேவிட்டாள். அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தது யார் என்று பார்த்தால், சகலை.

“பந்தயம்னா பந்தயம். கீழ படகு நிக்குது, வா.”

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட கண்ணியமான மனிதரையா இத்தனை வருடம் மனசுக்குள் வைதுகொண்டிருந்தோம் என்று வெட்கப்பட்டார்.

சைக்கிள்களைக் கரையில் விட்டுவிட்டுத் துடுப்புப் படகில் ஏறினார்கள். அது அக்கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே தரை தட்டியது. எல்லோரும் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். மச்சினியின் ஒரு செருப்பு சேற்றோடு போனது.

“அத்தான், போன தடவை ஓட்டல் தலையணை சரியில்லைன்னு இவரை வருஷம் பூரா விடாம திட்டினேன்,” என்றாள். “உங்களுக்கு எத்தனை வருஷம் ஆகுமோ தெரியல.”

“நானும் இருக்கேன்டி,” என்றாள் அக்கா.

மரங்களுக்கு நடுவில் குடில்கள் தெரிந்தன. ஒரு வண்டிச் சத்தம் இல்லை. பிள்ளைகள் பைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். காற்று சில்லென்று முகத்தில் பட்டதும் மனைவி திட்டுவதைப் பாதியில் நிறுத்தினாள்.

“நல்லாத்தாங்க இருக்கு,” என்றாள்.

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. சகலை வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஜெயிச்சுட்டீங்க சகலை. இனிமே காலத்துக்கும் நீங்கதான் முடிவு பண்ணணும். பேச்சு மாறக் கூடாது.”

“மாற மாட்டேன்,” என்றார் வாத்தியார், முழங்கால் வரை சேறும் முகம் முழுக்கச் சிரிப்புமாக. அவர் வாழ்க்கையில் சகலையை ஜெயித்தது இதுதான் முதல் தடவை. தோற்ற மனிதர் சீட்டியடித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

கடைசிப் பெட்டியைச் சுமந்து வந்த படகுக்காரர் அதை இறக்கி வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினார்.

“அப்பாடா, ஜெயிச்சுட்டீங்களா? போன வாரமே அந்தச் சார் கார்ல வந்து சைக்கிள், படகு எல்லாம் சொல்லி வச்சுட்டு, ‘எப்படியாவது எங்க சகலையை ஜெயிக்க வச்சிருங்கய்யா, இனிமே வருஷம் பூரா அந்தத் திட்டை அவரு வாங்கட்டும்’னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினாருங்க.”