பேச்சியம்மாளின் வளையும் விதி ஏழும்

ஒரு காட்டில் ஓர் ஆமை இருந்தது. மற்ற மிருகங்களின் சண்டையைப் பேசித் தீர்ப்பது அதன் உத்தியோகம். யாரோ ஓர் ஆமை என்று சுற்றி வளைப்பானேன், நான்தான் அது.

என்னை ஏன் சமரசராகப் போட்டார்கள்? சொந்த வீட்டை முதுகிலேயே வைத்திருப்பவன் வீட்டுத் தகராறில் யார் பக்கமும் சாய மாட்டானாம். அந்தப் பெருமையில் வாராவாரம் ‘சமரசச் செய்தி’ என்று ஒரு மடல் வேறு எழுதினேன். அதைப் படித்தது நான் ஒருவன்தான், அதுவும் இரண்டு தடவை.

மழைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு வழக்கு வந்தது. மருதமரத்தடி வளை யாருக்கு? முள்ளம்பன்றி பேச்சியம்மாள் நிறைமாதம். மழைக்குள் வளை கிடைக்காவிட்டால் வெள்ளத்தில்தான் குட்டி போட வேண்டும். எதிர்த்தரப்பு உடும்பு மாசானம். இருவரையும் வரிசையில் நிற்கவைத்து, படிவத்தை மூன்று பிரதி நிரப்பச் சொன்னேன். பேச்சு முடியும்வரை யாரும் நுழையக் கூடாது என்று வளையின் வாயில் கல்லை வைத்து அடைத்தேன்.

பிறகு தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்.

“அண்ணாச்சி, எனக்கு அந்த வளையே வேண்டாம்,” என்றான் மாசானம். “பாறையடியில வேற இடம் பார்த்துட்டேன். புள்ளத்தாச்சி, அவளே இருக்கட்டும். ஆனா நாலு பேர் முன்னால என்னைத் திருடன்னு சொன்னா பாருங்க, அதுக்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லணும். இதை அவகிட்டச் சொல்லிராதீங்க.”

அடுத்து பேச்சியம்மாள் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தாள். “ஆத்திரத்துல திருடன்னு சொல்லிட்டேன் அண்ணாச்சி. மன்னிப்புக் கேட்க நான் தயார். ஆனா நானா இறங்கி வந்தேன்னு அவருக்குத் தெரிஞ்சா அசிங்கம். சொல்லிராதீங்க.”

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? தனியாகச் சொன்னதை வெளியே விடக் கூடாது என்பது விதி ஏழு. ‘சொல்லட்டுமா’ என்று அனுமதி கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டால், சொல்ல ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடாதா! அதுவும் விதி ஏழுதான். விதிகளை எழுதியவன் நான், எனக்குத் தெரியாதா?

இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, “தீர்வு உங்களுக்குள்ளேயே இருக்கிறது, தேடுங்கள்,” என்றேன். அவர்கள் தேடவில்லை, முறைத்தார்கள். அடுத்த வியாழன் வரச் சொன்னேன். அதற்கடுத்த வியாழனும் வந்தார்கள். அந்த வார மடலில் ‘ரகசியம் காப்பது எப்படி?’ என்று மூன்று பக்கம் எழுதினேன். எழுதும்போதே எனக்குப் புல்லரித்தது.

மூன்றாம் வியாழன் மழை கொட்டியது. மருதமரத்துக்கு எதிரிலேயே இருக்கும் என் சமரச மையத்தின் வாசலில் பேச்சியம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது. நான் ஒத்திவைப்புப் படிவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். மாசானம் ஓடிப்போய் அடைத்த கல்லை உருட்டித் தள்ளினான்.

“உள்ளே போ தாயி!”

“உங்களைத் திருடன்னு சொன்னது தப்பு...”

“அது கிடக்கட்டும். வளை உனக்குத்தான்னு அண்ணாச்சிகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே!”

“நானும் மன்னிப்புக் கேட்கத் தயார்னு அன்னைக்கே சொன்னேனே!”

இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

குட்டிகள் இரண்டும் சுகம். மடலில் ‘வழக்கு சுமுகமாக முடிந்தது, சமரசரின் சாதனை’ என்று போட்டேன். எழுதிய கை கூசத்தான் செய்தது, ஆனாலும் போட்டேன்.

மறுநாள் அவர்கள் இருவரும் ஒரே படிவத்தில் என் மேல் புகார் கொடுத்தார்கள். அதை விசாரிக்க என்னிடம் பயிற்சி பெற்ற ஒரு குட்டையாமையைப் போட்டிருக்கிறார்கள். “நான் செய்தது தப்பு, அவர்கள் காலில் விழவும் தயார். ஆனால் சொல்லிவிடாதே,” என்று முதல் நாளே அதனிடம் தனியாகச் சொல்லிவிட்டேன். அவர்களையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது. என்னை மன்னித்துவிட்டார்களோ என்னவோ, தெரியவில்லை. ஆறு வியாழன் போய்விட்டது. பாழாய்ப்போன ஆமை வாயே திறக்க மாட்டேன் என்கிறது.

நீதி: சண்டைக்காரர்களை ஒருவரோடொருவர் பேசவிடாதே, சமாதானம் ஆகிவிடுவார்கள்.